உட்கார்ந்த அளவு

...வருகிறேன் என்று சொன்னாரே, அதுவே போதும், அதற்கு மேல் இன்றைக்கு எதற்கும் ஆசைப்படக் கூடாது, ஆசைப்பட்டால் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிடும், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவள் காரின் பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தாள், ஸ்கூட்டர் வந்துகொண்டுதான் இருந்தது, லாரி ஒன்று குறுக்கே புகுந்ததும் காணாமல் போயிற்று, பிறகு லாரியின் ஓரத்திலிருந்து அந்த வெள்ளை ஹெல்மெட் எட்டிப் பார்த்தது, அப்பாடா... முன்னால் பார்த்து ஓட்டு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். உலகத்தில் எந்தப் பெண்ணாவது இப்படிப் போவாளா, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் காரில் ஒருத்தி தனியாக முன்னால் போக, கட்டிய கணவர் ஸ்கூட்டரில் அவளுடைய புகையைக் குடித்துக்கொண்டு பின்னால் வர, பக்கத்து சீட்டில் அவளுடைய கைப்பை மட்டும் பெல்ட் போட்டுக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்க... பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றா, சண்டை இருந்தால்கூடத் தேவலையே, சண்டையென்றால் சமாதானம் என்று ஒன்று உண்டு, இது சண்டையே இல்லையே. சிக்னலில் அவர் பக்கத்தில் வந்து நின்றார், கண்ணாடியை இறக்கலாமா, இறக்கி என்ன பேசுவது, அவரே குனிந்து பின்சக்கரத்தைக் காட்டி, காற்று குறைவாக இருக்கிறது என்று விரலால் சொன்னார், அவள் தலையாட்டினாள், பச்சை விழுந்தது. அவருடைய ஸ்கூட்டருக்காக மெதுவாகப் போனாள், இந்த வண்டிக்கு மெதுவாகப் போகிறதென்றால் வேப்பங்காய், உறுமியது, உறுமட்டும். ஒவ்வொரு உறுமலுக்கும் அவளுடைய சீட்டின் முதுகு ஒரு பக்கமாக ஆடியது, உள்ளே சட்டத்தில் பற்றவைத்த இடம் விட்டுப் போய்விட்டது, அதற்காகத்தான் இந்தப் பயணம், விலை குறைவாக, நம்பி உட்காரக்கூடியதாக ஒரு ரேஸ் சீட் வாங்க.

இரண்டு வருடம் முன்னால் ஒரு மாலை, அவருக்குப் பல் பார்த்துவிட்டு இருவரும் இதே காரில் திரும்பினார்கள், தண்ணீர்த் தொட்டி வளைவில் அவள் கொஞ்சம் வேகமாகத் திருப்பினாள், கொஞ்சம்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய விமான ஓடுபாதையில் ரப்பர் கூம்புகளை நிறுத்தி வைத்து ஓட்டிப் பழகும் கூட்டத்தோடு அவள் திருப்புகிற வேகத்தில் பாதிகூட இல்லை, அவர் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிப் போய் கேட்டைத் திறந்து, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள், நின்றாள், அவர் இறங்கவே காணோம், ஊசி போட்ட வாயோடு தூங்கிவிட்டாரா என்றுகூட நினைத்தாள், பிறகு வந்தார், முகம் சிவந்து, மூச்சு வாங்கி, சட்டை பேண்டுக்கு வெளியே வந்து... "இனிமே நீ மட்டும் போய்ட்டு வாம்மா. நான் ஸ்கூட்டர்லயே வந்துக்கறேன்," என்றார், அவ்வளவுதான், அன்றைக்குப் பிறகு அவர் இந்தக் காரில் ஏறவில்லை. அவளும் ஏன் என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை, இருபது வருடமாக ஒரே தலையணையில் தலை வைக்கிறவர்கள் இதைக் கேட்க முடியாதா... கேட்டால் சொல்லிவிடுவாரே, நீ ஓட்டினால் எனக்கு உயிர் பயம் என்று, அதை அந்த வாயால் கேட்டுவிட்டால் பிறகு ஸ்டியரிங்கை எப்படித் தொடுவது? நாத்தனார் அதையும் சொல்லிவிட்டுப் போனாள், அவள் வாய்க்கு என்ன பூட்டா சாவியா, கார் வாங்கிய நாளிலேயே சக்களத்திக்கு ஆண்பால் என்னவோ அது எங்கள் அண்ணனுக்கு வந்துவிட்டது என்று சிரித்தவள், அண்ணன் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்ததும், பாவம், உயிருக்குப் பயந்தவர் வேறென்ன செய்வார் என்று கண்ணைச் சுழற்றினாள். இவள் சிரித்து மழுப்பினாள், அன்றிரவு தையல் மெஷினில் ஊசி ஒடிந்தது.

இதெல்லாம் இப்போது எதற்கு, வருகிறாரே, கண்ணாடியில் வெள்ளை ஹெல்மெட் தெரிகிறதே... ஆனால் ஏன் வருகிறார்? அதுதான் புரியவில்லை. காலையில் போட்ட காப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு, மெக்கானிக் சொன்னதை ஒரு பேச்சுக்குச் சொன்னாள், நல்ல ரேஸ் சீட்டாக ஒன்று போடலாம், பக்கத்து சீட்டைக் கழற்றி எறிந்துவிடலாம், யாரும் உட்காருவதில்லையே, கனம் குறைந்தால் வண்டி இன்னும் பறக்கும், போட்டிக்குப் போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்களாம், என்று. பேச்சுக்குத்தானா, இல்லை, அவர் முகத்தைப் பார்க்கத்தான் சொன்னாள், ஐயோ கழற்றாதே என்று அவர் சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாள். அவரோ டம்ளரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கடைசி வாய் வரை குடித்தார், கழுவி வைத்தார், பிறகு நானும் வருகிறேன் என்றார், மருந்துக் கடைக்கு இன்றைக்கு அரை நாள் லீவு சொல்லிவிடுகிறேன் என்றார். நாள் முழுக்க மருந்துக் கடையில் நின்றுகொண்டே, இது சாப்பாட்டுக்கு முன்னால், இது பின்னால் என்று ஊருக்கெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொல்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் நாலு வார்த்தை பேசினால் அது பெரிய பிரசங்கம். அவர் வருகிறேன் என்றதே வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கழற்றுவதைப் பார்க்க வருகிறாரா, தடுக்க வருகிறாரா, இன்றைக்கு அந்த சீட் போய்விட்டால் அந்த இடத்தில் இரும்புத் தரைதான் மிஞ்சும், பிறகு அவரே மனம் மாறினாலும் உட்கார இடம் இருக்காது. அதைத் தெரிந்துதான் வருகிறாரோ என்னவோ.

டயர் கடைக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை, கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது, உள்ளே மரப்பலகை மேடையில் வரிசையாக சீட்டுகள், கார் இல்லாத சீட்டுகள், ஆள் வராத சினிமாக் கொட்டகை போல எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு. கடைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார், நேராக அவளுடைய கணவரிடம் போனார், சாருக்கு எந்த மாதிரி வேண்டும், சார் ரோட்டில் ஓட்டுவீர்களா, ஓடுபாதையிலும் ஓட்டுவீர்களா, என்று. அவர் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, வண்டி இவங்களுடையது, நான் கூட வந்தவன், என்றார், எந்தக் கூச்சமும் இல்லாமல், என்னவோ மழைக்கு ஒதுங்கியவர் மாதிரி, அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரர் அசடு வழிந்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார், அதன் பிறகு ஒழுங்காகத்தான் பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். முதுகு சாய்க்க வராத, ஆமை ஓடு மாதிரி ஒரே வார்ப்பான ஓடு சீட் ஒரு வகை, முதுகு சாய்கிற சீட் ஒரு வகை, ஓடு சீட் உடம்பைக் கவ்விப் பிடிக்கும், வளைவில் அசைய விடாது, ஆனால் ஏறி இறங்குவது வித்தை, சாய்கிற சீட் அவ்வளவு கவ்வாது, ஆனால் மனுஷன் உட்காரலாம். விலை பார்க்கிறவர்கள் சீட்டின் விலையை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிறார்கள், சீட்டைத் தரையில் நிறுத்துகிற இரும்புச் சட்டமும், முன்னும் பின்னும் நகர்த்துகிற ரெயிலும் தனி, துணி எடுத்துவிட்டுத் தையல் கூலியை மறந்த மாதிரி ஆகிவிடும், என்று அவர் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள், தன் தொழில் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்று, தெரியாது, சும்மா வாயில் வந்ததுதான். கோட்டும் பேண்டும் தைக்கிறவள் என்று அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

மூலையில் பழைய சீட் ஒன்று கிடந்தது, ஓடு சீட், பெரிய கம்பெனியுடையது, பாதி விலைக்கும் கீழே, அவள் மனம் அங்கே ஓடியது, பாதி விலை என்றால் யாருக்குத்தான் ஓடாது... குனிந்து உறையின் ஓரத்தைப் புரட்டினாள், கை தானாகப் போனது, கருப்பு நூல் புதிதாகப் பளபளத்தது, தையலுக்குப் பக்கத்திலேயே எறும்பு வரிசை மாதிரி ஊசித் துளைகள், நூலில்லாத துளைகள். இது பிரித்துத் தைத்தது, உள்ளே என்ன உடைந்ததோ, எதில் மோதியதோ, வேண்டாம் என்றாள். கடைக்காரர் ஒரு நொடி யோசித்துவிட்டு, தனக்கும் வந்தது அப்படித்தான், அதனால்தான் அந்த விலை, ஓடுபாதைக்கு என்று கேட்டிருந்தால் தானே கொடுத்திருக்க மாட்டேன் என்றார், நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அவருடைய முகத்தைவிட அவளுக்குப் பின்னால் குனிந்து நின்ற கணவரின் முகம்தான் ஆவலாக இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அவர் அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று, அவளுக்குத் தலைகால் புரியவில்லை, விரலால் தொட்டுக் காட்டினாள். "தையலைப் பிரிச்சுட்டு எவ்வளவு அழகா மறுபடி தைச்சாலும், பழைய துளை போகாதுங்க. பக்கத்துலயே வரிசையா நிக்கும். தடவிப் பாத்தாலே தெரியும்," என்றாள். அவரும் தடவிப் பார்த்தார், தலையை ஆட்டிக்கொண்டார், புது மாத்திரையின் பெயரை மனப்பாடம் செய்கிற மாதிரி.

பிறகு மேடையிலிருந்த புது ஓடு சீட் ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்திருக்க மனம் வரவில்லை, இரண்டு பக்கமும் தாங்கி, தோளை அணைத்து, இடுப்பை அசையாமல் பிடித்து... இதில் உட்கார்ந்து ஓடுபாதையின் கடைசித் திருப்பத்தை எடுத்தால் எப்படி இருக்கும், இப்போது முழங்காலைக் கதவில் முட்டுக் கொடுத்துக்கொண்டல்லவா திரும்புகிறாள், வீட்டுக்கு வந்து காலில் கன்றிப்போன இடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு... கையில் இருப்பது ஓட்டல் சிப்பந்திகளுக்குக் கோட் தைத்துக் கொடுத்து வந்த காசு, அதற்கு இந்த ஓடு சீட் ஒன்று, அதோடு சரி. அல்லது அந்தப் பக்கம் சாம்பல் துணி போட்ட சாதாரண சாய்கிற சீட், அது இரண்டு. ஒன்றா இரண்டா? எழுந்திருங்கள், முதலில் அளவைப் பார்ப்போம் என்றார் கடைக்காரர், அவளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு பலகையைத் தொடையை ஒட்டி நிறுத்தி, நடு இடைவெளியை டேப்பால் அளந்தார். நின்றுகொண்டு எடுக்கிற அளவு சட்டை பேண்டுக்கு ஆகும், சீட்டுக்கு ஆகாது, உட்கார்ந்தால் யாராக இருந்தாலும் விரிவார்கள், என்றார். அட ஆமாம், என்று நினைத்தாள், இத்தனை வருடமாக ஊர்ப்பட்ட பேருக்கு அளவெடுத்தவள், எல்லாரையும் நிறுத்தி வைத்துத்தானே எடுத்திருக்கிறாள், ஒருவரையாவது உட்கார வைத்து எடுத்ததுண்டா? அந்த சீட் அவளுக்குக் கச்சிதம் என்றார் கடைக்காரர். அப்புறம் பக்கத்து சீட், அதைக் கழற்றிவிடுவதா என்று அவர் கேட்டபோது அவள் திரும்பிக் கணவரைத் தேடினாள். அவர் அங்கே இல்லை, வெளியே காருக்குப் பக்கத்தில் நின்றார், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கைப்பை உட்கார்ந்திருந்த அந்த சீட்டைப் பார்த்தபடி.

அவள் போனாள். இப்போது சொல்லப் போகிறார், கழற்றிவிடு என்று சொல்லப் போகிறார், சொல்லட்டும், அதைவிட இந்த மௌனம்தான்...

"அதைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"நான் வரக் கூடாதுன்னுதானே இதை இப்படித் தைச்சே?"

அவளுக்குப் புரியவில்லை. எப்படித் தைத்தேன் என்றாள். சின்னதாக, என்றார். பிறகு சொன்னார், கடையில் ஒரு வயதானவருக்கு மருந்துச் சீட்டை விளக்குகிற அதே குரலில், நிதானமாக, முன்னால் எது பின்னால் எது என்று. கார் வாங்கிய புதிதில் இரண்டு சீட்டும் கிழிந்து, பஞ்சு அமுங்கிக் கிடந்தனவே, அவள் தன் கையாலேயே புதுப் பஞ்சு வைத்து, புது உறை தைத்துப் போட்டாளே, அதற்கப்புறம் முதல் தடவையாக அவர் உட்கார்ந்தது அந்தப் பல் டாக்டர் நாளில்தான். போகும்போதே இறுக்கியது. வரும்போது வாசலில் எழுந்திருக்க முடியவில்லை, மாட்டிக்கொண்டார், தொடை இரண்டும் நெரிபட்டு, கதவைப் பிடித்து, ஒருக்களித்து, ஒரு வழியாக வெளியே வந்து விழுந்தார். முதலில், நாம் பெருத்துவிட்டோம் போலிருக்கிறது என்றுதான் நினைத்தாராம். உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தாராம், பேண்ட் அதே பேண்ட், பட்டன் மூச்சுப் பிடிக்காமல் விழுகிறது, அவள் எப்போதும் தைக்கிற அதே முப்பத்தாறு, அப்படியென்றால் உடம்பு மாறவில்லை. உடம்பு மாறவில்லை என்றால் என்ன மாறியது? "உன் கை அளவு தப்பாது. தப்பாத கை சின்னதா தைச்சா, வேணும்னுதானே தைச்சிருக்கணும்," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில், அதுதான் அவளை என்னவோ செய்தது. "ஊர்ல எல்லாருக்கும் தைக்கறவ, உனக்குன்னு ஒரு இடம் வேணும்னு நினைச்சிருப்பே. அதுல தப்பில்லைன்னு நானும் விட்டுட்டேன். இன்னிக்கு அதையும் கழட்டறேன்னு சொன்னியா, ஒரு தடவ கேட்டுடலாம்னு வந்தேன்."

மலை போல வந்தது பனி போலப் போயிற்று என்பார்களே, அது இதுதானா, அவள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். பயம் இல்லையா, இவருக்குப் பயம் இல்லையா... நான் ஓட்டறது பயமா இல்லையா உங்களுக்கு, அந்த வளைவுல, என்று கேட்டேவிட்டாள், இரண்டு வருடமாகத் தொண்டையில் கிடந்த கேள்வி எச்சில் மாதிரி எளிதாக வெளியே வந்தது. அவர் புரியாமல் பார்த்தார். "பயமா? நல்லாத்தானே ஓட்டறே. தொடை நெரிஞ்சதுதான் தாங்கல." அவ்வளவுதானா, ஐயோ, அவ்வளவுதானா, உப்புப் பெறாத விஷயமா, தொடையா, இரண்டு வருடமும் இந்தத் தொடைக்குத்தானா... சிரிப்பு வந்தது, கண்ணில் நீர் முட்டியது, வேணும்னு தைக்கலைங்க, உங்க மேல சத்தியமா, பழைய பஞ்சு புதுசுல இருந்த கனத்துக்கே புதுப் பஞ்சு வெச்சேன், சீட்டைத்தான் அளந்தேன், ஆளை அளக்கல, என்றாள், நிஜம்தான், அதெல்லாம் நிஜம்தான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனதின் இன்னொரு ஓரத்தில் ஒன்று குறுகுறுவென்று ஊர்ந்தது. முப்பத்தாறு... எந்த முப்பத்தாறு? அவருடைய பேண்ட் முப்பத்தாறைத் தாண்டி எத்தனை காலமாயிற்று! பின்பக்க நடுத்தையலில் துணி விட்டுத் தைப்பதும், பட்டன் இழுத்து மடிப்பு விழ ஆரம்பித்தால் துவைத்துக் காயும்போதே எடுத்து ஒரு நூல் பிரித்து விடுவதும், அவர் கேட்டால் அதே அளவுதான் என்பதும்... கல்யாணமான புதிதில் நாத்தனார் நாலு பேர் முன்னால் பீப்பாய் என்று கூப்பிட்டதும் அவர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் சுருண்டதைப் பார்த்தவள் அவள், அன்றைக்கு ஆரம்பித்தது, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. புதுத்துணி எடுக்கும்போதெல்லாம் அளவு எடுக்க வேண்டாமா என்று அவர் கேட்பார், உங்க அளவு எனக்குத் தெரியாதா என்பாள் அவள், அதைக் கேட்டு அவர் உள்ளுக்குள் குளிர்வார், டேப்பை அவர் கண்ணில் காட்டாமல் இருக்க அவள் சொன்னது அது. இப்போதுகூட அவருடைய கருப்பு பேண்ட் மெஷின் மேல் பிரித்தபடி கிடக்கிறது, விட்டு வைத்த துணியில் அரை விரல்தான் மிச்சம்.

சொல்லிவிடலாமா, இங்கேயே, இந்த டயர் நாற்றத்தில் நின்றுகொண்டு... வாயைத் திறந்தாள், அதற்குள் கடைக்காரர் பலகைகளோடு வந்துவிட்டார், சாரையும் பார்த்துவிடலாமே என்று. அவர் பெஞ்சில் உட்கார்ந்தார், எனக்கு முப்பத்தாறுதான், இவங்கதான் தைக்கறாங்க, என்றார் பெருமையாக, அவள் பலகைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பலகைகளை நிறுத்தி, டேப்பைப் பிடித்து, கடைக்காரர் அளவை வாய்விட்டுச் சொல்லாமல் பெரிய அளவில் ஒரு சாம்பல் சீட்டை இழுத்துக்கொண்டு வந்தார், உட்கார்ந்தா எல்லாருக்கும் விரியும் சார், அதைக் கணக்குல எடுத்துக்காமத்தான் எல்லாரும் மாட்டிக்கறாங்க, என்றார், அந்த மனிதருக்கு அவள் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அந்த சீட்டில் இறங்கினார். இறங்கி, அசைந்து பார்த்து, முதுகைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து, ஒரே மூச்சில் எழுந்து நின்றார், மறுபடி உட்கார்ந்தார், இந்தத் தடவை காரணமில்லாமல், சும்மா. அப்போது அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னொரு கண்ணால் அந்த ஓடு சீட்டைப் பார்த்தாள் அவள், கவ்வித்தான் பிடித்தது, கச்சிதம்தான், இன்னும் கொஞ்ச நாள் முழங்கால் கன்றட்டும், எண்ணெய் இருக்கிறது... வலிக்கவில்லை என்று சொல்ல முடியாது, கொஞ்சம் வலித்தது. சாம்பல் சீட் இரண்டு கொடுங்கள் என்றாள், ஒன்று என் அளவு, ஒன்று அவர் அளவு, சட்டத்தையும் ரெயிலையும் சேர்த்துப் பேசி விலையில் கொஞ்சம் குறைத்தும் வாங்கினாள், அந்த நேரத்திலும் பேரம் விட்டுப் போகவில்லை.

அவளுடைய காருக்கு ஏற்ற சட்டம் தயாராக இருந்ததால் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம் என்றார்கள். காத்திருந்தார்கள், டீ வந்தது, அவர் பேசினார், கடையில் யாரோ கண் சொட்டு மருந்தைக் காதில் விட்டுக்கொண்டு வந்த கதையை எல்லாம் சொன்னார், அவள் சிரித்தாள், இப்படிச் சிரித்து எத்தனை நாள், இந்த மனிதர் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றே இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறாரே, எனக்கு இடம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, பாவி மனுஷன், ஒரு வார்த்தை... நான் மட்டும் கேட்டேனா? பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவரைப் பின்னாலிருந்து பார்த்தாள். காரின் பக்கம் முகத்தைத் திருப்பி, போல்ட் முடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார், இடது கை தொங்கிக்கொண்டிருந்தது, வலது கை முதுகுப் பக்கம் போயிருந்தது, கட்டைவிரல் பேண்டின் இடுப்புப் பட்டைக்கு உள்ளே, நடுத்தையலுக்குப் பக்கத்தில், மேலும் கீழுமாக மெதுவாக நகர்ந்தது, நின்றது, கொஞ்சம் தள்ளி மறுபடி நகர்ந்தது. சும்மா சொறிகிறாரா, பெல்ட் உறுத்துகிறதா, வெயில் நாள், வியர்த்திருக்கும், என்று நினைத்துக்கொண்டாள். மிச்சக் காசை எண்ணாமலே பையில் போட்டாள்.

ஸ்கூட்டரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு, நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் காரில் ஏறினார், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, அவர் பாட்டுக்கு உட்கார்ந்தார், நேற்றும் முந்தாநாளும் உட்கார்ந்த மாதிரி. அவளுடைய முதுகும் ஆடவில்லை. மாலை வெயில், சாலையில் கூட்டம் கலைந்திருந்தது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது, மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. தண்ணீர்த் தொட்டி வளைவு வந்தபோது கால் தானாக வேகத்தைக் குறைத்தது. எதற்கு மெதுவாகப் போகிறாய் என்றார். அவள் திருப்பினாள், அன்றைக்குத் திருப்பிய மாதிரியே, கார் தரையை ஒட்டிக்கொண்டு வழுக்கிப் போனது, அவர் கதவுப் பிடியைத் தொடவில்லை, உம்ம் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, ஊஞ்சலில் உந்திவிட்டால் வருகிற சத்தம். வளைவு முடிந்து சாலை நேரானதும்தான் சொன்னார்.

"வீட்டுக்குப் போனதும் ஒரு தடவ எனக்கு அளவு எடுத்துடும்மா."

உங்க அளவு எனக்குத் தெரியாதா என்று நாக்கு பழக்கத்தில் கிளம்பி, பாதியில் நின்றது.

"உட்கார வெச்சே எடு," என்றார்.

அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிக்கிறாரா இல்லையா, தெரியவில்லை, கட்டைவிரல் கைப்பையின் தையலைத் தடவிக்கொண்டிருந்தது... இன்றைக்குத்தான் தெரிந்ததா, அந்தப் பழைய சீட்டின் துளைகளை நானே தொட்டுக் காட்டினேனே அப்போதுதானா, இல்லை, துவைத்த பேண்டை மடித்து அலமாரியில் அடுக்குகிறவர் அவர்தானே, எத்தனை தடவை அந்தத் தையல் அவர் கையில் பட்டிருக்கும், முன்பே தெரியுமென்றால் கார்ப் பக்கத்தில் நின்று அவர் கேட்டது எதற்கு, யாருக்காக... வீட்டில் டேப்பை எடுக்கும்போது கேட்கலாம், கேட்க வேண்டும், கேட்பேனா? பழக்கத்தில் கண் மேலே போய் கண்ணாடியில் அந்த வெள்ளை ஹெல்மெட்டைத் தேடியது. பின்னால் யாரும் வரவில்லை, அவர் பக்கத்தில்தான் இருந்தார்.